திருடியிருந்தால் கம்பெனி தப்பியிருக்கும்: ஏழு வவுச்சர்கள், ஒரு வழக்கு

புதுச்சேரியில் கம்பெனி செக்ரட்டரியாக (கம்பெனிச் சட்டப்படியான தாக்கல்களைப் பார்ப்பவர்) தனியே தொழில் செய்கிறேன். என் வாடிக்கை நிறுவனம் ஒன்றில் 2022 நவம்பரில் தொடங்கிய ஒரு லஞ்ச விவகாரத்தை அதன் எம்.டி.யின் (நிர்வாக இயக்குநரின்) ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கத் தொழிலையும் சில தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் யார் குற்றவாளி என்ற பேச்சுக்குள் போகவில்லை.

பின்னணி

பாகூர் பக்கம் தொழிற்சாலை, ஆல்பேட்டை தாண்டிக் கடலூரில் ஒரு குடோன். அட்டைப்பெட்டி செய்கிறார்கள். சுமார் 80 பேர் வேலை பார்க்கிறார்கள். அப்பா (‘பெரியவர்’) தொடங்கிய கம்பெனியை இப்போது மகனான எம்.டி. நடத்துகிறார். மருந்து ஆலைகள், ஒரு மத்திய பொதுத்துறை நிறுவனம், ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் இந்தியக் கிளை ஆகியவைதான் பெரிய வாடிக்கைகள்.

அரசு அலுவலகங்களுக்குப் போய்வருவதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். பதவிப் பெயர் நிர்வாக அலுவலர். ஆனால் எல்லோரும் ‘வெளிவேலை பார்க்கிறவர்’ என்றுதான் சொல்வார்கள். பெரியவர் காலத்திலேயே சேர்ந்து 17 வருடம் ஆனவர். மற்றவர்கள் முன்னால் எம்.டி.யை ‘சார்’ என்பார், தனியே இருந்தால் ‘தம்பி’. எம்.டி. அவரை ‘அண்ணே’ என்பார். எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் ஃபைல் நிற்கிறது என்று போனைக்கூட எடுக்காமல் சொல்லக்கூடியவர். கம்பெனியில் அவருக்கு இருந்த மரியாதைக்கு அதுதான் காரணம்.

2022-இல் இன்னொரு ஷெட் கட்டினார்கள். அதற்கு ஒரு துறையின் அனுமதி தேவைப்பட்டது. வரிசையில் நின்றால் மூன்று நான்கு மாதம் ஆகும் என்றார்கள். நவம்பர் கடைசியில், மனு கொடுத்த அஞ்சாவது வாரமே கைக்கு வந்துவிட்டது. பொங்கலுக்கு அவருக்கு ₹15,000 ஊக்கத்தொகை கொடுத்து ஒரு கடிதமும் கொடுத்தார்கள்: ‘அனுமதிகளை விரைந்து பெற்றுத் தந்தமைக்காக.’ இந்தக் கடிதம் பிறகு வரும்.

கணக்கை முடிக்கும்போது தெரிந்தது

2023 மார்ச்சில் ஆண்டுக் கணக்கை முடிக்க வவுச்சர்களை அடுக்கிக்கொண்டிருந்த கணக்காளருக்கு (வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது) ஏழு தாள்கள் ஒரே மாதிரி இருப்பது கண்ணில் பட்டது. பதினொரு நாளுக்குள் எழுதியவை. ஒவ்வொன்றிலும் ₹9,500, மொத்தம் ₹66,500. தலைப்பு ‘இதர செலவு - தளப் பார்வை’. பணம் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் கம்பெனி வேன் டிரைவர்.

₹9,500 என்ற எண்ணே எனக்கு ஒரு வாக்குமூலம் மாதிரி இருந்தது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ₹10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். வரிச் சட்டம் தெரிந்தவர்தான் அந்தக் கோட்டுக்குக் கீழே வெட்டி வெட்டி எழுதுவார். அந்தப் பெண் அதோடு நிற்கவில்லை. விடுப்புப் பதிவேட்டைப் பார்த்தார். ஏழில் இரண்டு நாள் டிரைவர் விடுப்பில் இருந்திருக்கிறார். அவரைக் கேட்டதற்கு, “அண்ணன் போடச் சொன்னாரு, போட்டேன்” என்றார். கடைசி வவுச்சருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் அனுமதிக் கடிதத்தின் தேதி.

வவுச்சர்களில் மூன்றில் எம்.டி.யின் சுருக்கொப்பம். மீதி நான்கில் ஆலை மேலாளரின் சுருக்கொப்பம்.

அவர் சொன்ன பதில்

எம்.டி.யும் நானும் வெளிவேலைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். மறுப்பார், கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார், அவ்வளவுதான்.

“தம்பி, நான் என்ன வீட்டுக்கா எடுத்துட்டுப் போனேன்? கம்பெனிக்குத்தானே செலவு பண்ணேன்?”

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் சொன்ன வாக்கியம் அது. கம்பெனிக்கு அதைவிட மோசமான வாக்கியம் இல்லை. அந்த ₹66,500-ஐ அவர் சுருட்டியிருந்தால் அது ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி. கம்பெனி புகார்தாரர் ஆகியிருக்கும். கம்பெனிக்காக, கம்பெனி பணத்தில், கம்பெனிக்கு ஒரு சலுகை வாங்க அனுமதி தரும் அதிகாரிக்குக் கொடுத்ததால், கம்பெனியே அவருக்குப் பக்கத்தில் குற்றம்சாட்டப்பட்டவராக நிற்க வேண்டியதாயிற்று. எத்தனையோ முதலாளிகள் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ‘நம்ம ஆள் நேர்மையானவன், தனக்கென்று ஒரு பைசா தொட மாட்டான்’ என்பதை ஒரு ஆறுதலாகச் சொல்கிறார்கள்.

நான் இன்னொன்றும் கேட்டேன். அந்த அதிகாரி வற்புறுத்தினாரா? அவர் சொன்னது: “கேக்கவே இல்லை சார். கேக்குற மாதிரி வச்சுக்கறதில்லையே நாம.”

சட்டம் எங்கே நிற்கிறது

ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ஆம் ஆண்டுடையது. 2018 ஜூலை 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைக் கொடுப்பவர் பக்கமும் திருப்பிவிட்டது. அதற்கு முன் லஞ்சம் கொடுத்தவர் உண்மையைச் சொன்னால் அந்த வாக்குமூலத்தை வைத்து அவர்மீது வழக்குத் தொடர முடியாதபடி 24-ஆம் பிரிவு காப்பாற்றியது. அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் இன்னும் பலர் பழைய சட்டத்தின் தைரியத்தில்தான் இருக்கிறார்கள்.

இப்போது 8-ஆம் பிரிவில் கொடுப்பதே தனிக் குற்றம், ஏழாண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ சொல்லிவிட்டால் விலக்கு உண்டு. எங்கள் விஷயத்தில் நான்கு மாதம் ஓடிவிட்டது. அதோடு, வற்புறுத்தலே இல்லை என்று கொடுத்தவரே சொல்கிறார்.

9-ஆம் பிரிவு கம்பெனிக்கானது. நிறுவனத்துக்குத் தொழிலையோ தொழிலில் ஒரு சாதகத்தையோ பெறும் நோக்கத்தில் அதனோடு தொடர்புடையவர் அரசு ஊழியருக்குக் கொடுத்தால் நிறுவனமும் குற்றவாளி. கொடுத்தவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் அவர் நிறுவனத்துக்காகத்தான் செயல்பட்டார் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது நிறுவனத்தின் வேலை. தண்டனை அபராதம். அதற்கு உச்சவரம்பு எதுவும் எழுதப்படவில்லை. தப்பிக்க ஒரே வழி, இப்படி நடக்காமலிருக்கப் போதுமான நடைமுறைகளை வைத்திருந்தோம் என்று நிரூபிப்பது. அந்த நடைமுறை மத்திய அரசு வகுக்கும் வழிகாட்டுதலின்படி இருக்க வேண்டும் என்கிறது பிரிவு. நாங்கள் தேடிய காலத்தில் அப்படியொரு வழிகாட்டுதல் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. பூட்டு இருந்தது, சாவியை வார்த்திருக்கவில்லை.

“கம்பெனியை எப்படி சார் ஜெயில்ல போடுவாங்க?” என்று எம்.டி. கேட்டார். நீதிமன்றங்களே இதே கேள்வியில் பல வருடம் தடுமாறின. சிறைத் தண்டனை கட்டாயம் என்றிருக்கும் குற்றத்தில், சிறைக்கு அனுப்ப உடம்பில்லாத கம்பெனிமீது வழக்கே நிற்காது என்று 2003-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது: சிறை முடியாவிட்டால் அபராதம் விதிக்கலாம், வழக்கு நிற்கும். கம்பெனிக்கு ‘மனம்’ உண்டா என்ற அடுத்த கேள்விக்கு இரிடியம் - மோட்டோரோலா வழக்கு பதில் சொன்னது. அதை இயக்குபவர்களின் எண்ணத்தைக் கம்பெனியின் எண்ணமாகக் கொள்ளலாம்.

எம்.டி. உண்மையில் கேட்க வந்தது வேறு. “அப்போ நானும் உள்ள போவேனா?” கம்பெனி குற்றவாளி என்பதால் மட்டும் அதன் தலைவர் தானாகக் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அவருடைய பங்கும் எண்ணமும் தெரிய வேண்டும், அல்லது சட்டமே அவரைப் பொறுப்பாக்க வேண்டும். 2015-இல் சுனில் பாரதி மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் அப்படிப் பொறுப்பாக்குவது 10-ஆம் பிரிவு. இயக்குநரோ மேலாளரோ சம்மதித்திருந்தால் அல்லது தெரிந்தே கண்டும் காணாமல் இருந்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு போன்றவற்றில் ‘அலட்சியம்’ என்ற சொல்லும் உண்டு. இங்கே அது இல்லை. இந்த ஒரு சொல் இல்லாதது பிறகு பெரிதாக வேலை செய்தது.

எடுத்த முடிவுகள்

முதலில் வந்த யோசனை எம்.டி.யுடையது: வெளிவேலைக்காரரை நீக்கிவிட்டுப் பணம் கையாடல் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது பொய்ப் புகார். அதோடு, பொங்கல் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் சும்மா இருப்பாரா?

இரண்டாவது யோசனை பெரியவருடையது. “நாலு மாசம் யாரும் கேக்கலை. வவுச்சரை மாத்தி எழுதிட்டு வேலையப் பாருங்க.” இதற்கும் மறுத்தேன். ஆவணத்தைத் திருத்தினால் அபராதத்தில் முடியக்கூடிய விவகாரம் சிறையில் முடியும். அந்தத் தாள்களை அன்றைக்கே உறையிலிட்டுச் சீல் வைக்கச் சொன்னேன்.

பிறகு செய்தவை: வெளிவேலைக்காரரைப் பிழைப்பூதியத்தோடு (விசாரணைக் காலத்தில் தரும் பகுதிச் சம்பளம்) தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தோம். அவருக்குத் தனி வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னோம். கம்பெனி வக்கீலே இருவருக்கும் ஆஜரானால், ஒருவரைக் காப்பாற்ற மற்றவரைச் சொல்ல வேண்டிய கட்டத்தில் சிக்கல் வரும். ஆண்டுக் கணக்கு இன்னும் மூடப்படாததால் அந்த ₹66,500-ஐச் செலவிலிருந்து எடுத்து வருமானத்தோடு சேர்த்தோம். குற்றத்துக்காகச் செய்த செலவை வரியில் கழிக்க முடியாது.

தானாகப் போய்ச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் பெரிய கேள்வி. பிரிட்டனில் நிறுவனம் முன்வந்து சொன்னால், நிபந்தனைகளோடு வழக்கை ஒத்திவைக்கும் ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. இங்கே கம்பெனிக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. போய்ச் சொன்னால் கிடைப்பது நல்ல பெயர், நீதிபதி அபராதம் போடும்போது ஒரு பரிவு, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் பொதுத்துறை டெண்டர். ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டால் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் 151-ஆம் விதிப்படி மூன்று ஆண்டு வரை ஒதுக்கி வைக்கலாம். அபராதத்தைவிட எம்.டி.யை உறுத்தியது அதுதான்.

யாரிடம் சொல்வது என்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பணம் கைமாறியது முள்ளோடை பக்கம் ஒரு டீக்கடையில். சாலையில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. அங்கே என்றால் கடலூரின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. இங்கே யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரி காவல்துறையின் பிரிவும் உண்டு, சி.பி.ஐ.யும் உண்டு. கடை புதுச்சேரி எல்லைக்குள்தான் என்று உறுதி செய்யவே ஒரு நாள் போனது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வக்கீலின் கருத்து: சொல்லிவிடுங்கள். என் கருத்தும் அதுவே. எம்.டி. அரை மனதாக இருந்தார், பெரியவர் கூடாது என்றார். வருடப் பிறப்பு முடியட்டும் என்றார்கள். அப்புறம் ஒரு கல்யாணம். இப்படி 19 நாள் போயிற்று.

பின் நடந்தது

ஏப்ரல் மூன்றாவது வாரம் அதே அதிகாரி வேறொருவர் கொடுத்த புகாரில், ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளோடு பிடிபட்டார். அவருடைய மேசையில் கிடைத்த ஒரு குறிப்பு நோட்டில் எங்கள் கம்பெனியின் சுருக்கப் பெயரும் எதிரில் ஏழு கோடுகளும் இருந்தன. மே மாதம் விசாரணைக்கு அழைப்பு வந்தது. சீலிட்ட உறையையும் எங்கள் உள் விசாரணை அறிக்கையையும் அன்றே ஒப்படைத்தோம். விசாரணை அதிகாரி அறிக்கையைப் புரட்டிவிட்டு, “இதை அந்த ஆள் மாட்டறதுக்கு முன்னாடி கொண்டாந்திருந்தா வேற மாதிரி படிச்சிருப்பேன்” என்றார்.

அவர் முதலில் கைப்பற்றச் சொன்னது வவுச்சர்களை அல்ல, பொங்கல் கடிதத்தை. ஊழியர் தன்னிச்சையாகச் செய்தார் என்று நாங்கள் எழுதிய பன்னிரண்டு பக்கத்தை ‘விரைந்து’ என்ற அந்த ஒரு சொல் அடித்துப்போட்டது. கம்பெனி வேகத்தைக் கேட்டது, வேகம் எப்படி வந்தது என்று கேட்கவில்லை, வந்ததும் கூலி கொடுத்தது.

எம்.டி.யை இரண்டு நாள் விசாரித்தார்கள். மூன்று வவுச்சர்களிலும் சுருக்கொப்பம் எப்படி வந்தது? அவர் உண்மையைச் சொன்னார்: அன்று 43 தாள் இருந்தது, எதையும் படிக்கவில்லை. பதிவேட்டை எண்ணிப் பார்த்தார்கள், சரியாக 43. படிக்கவே இல்லை என்றால் சம்மதமும் இல்லை, கண்டும் காணாமலும் இல்லை. வெறும் அலட்சியம். 10-ஆம் பிரிவில் அலட்சியத்துக்கு இடமில்லை என்பதால் அவர் பெயர் குற்றப்பத்திரிகையில் வரவில்லை. ஆனால் அதே பதில்தான், கம்பெனியில் நடைமுறை என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதற்கும் சாட்சியாயிற்று. எம்.டி.யைக் காப்பாற்றிய வாக்கியம் கம்பெனியை மாட்டிவிட்டது.

நடைமுறை என்று காட்ட எங்களிடம் இருந்ததே ஒன்றுதான். பிரிட்டிஷ் வாடிக்கையாளர் ஆண்டுதோறும் கையெழுத்து வாங்கும் இரண்டு பக்க லஞ்ச எதிர்ப்பு உறுதிமொழி. அங்கே 2010-ஆம் ஆண்டுச் சட்டம், லஞ்சத்தைத் தடுக்கத் தவறியதையே நிறுவனத்தின் குற்றமாக்குவதால் அவர்கள் கேட்கிறார்கள். எம்.டி.யின் மேசை இழுப்பறையில் ஆங்கிலத்தில் கிடந்தது. வெளிவேலைக்காரர் அதைப் பார்த்ததே இல்லை.

2024-இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதிகாரிமீது 7-ஆம் பிரிவு (லஞ்சம் வாங்குவது), ஊழியர்மீது 8, கம்பெனிமீது 9. கணக்காளரும் டிரைவரும் அரசுத் தரப்புச் சாட்சிகள். கம்பெனி சார்பில் மனிதவள மேலாளரைப் பிரதிநிதியாக நியமித்தோம். சிறப்பு நீதிபதி முன்னால் கம்பெனியின் பெயரைக் கூப்பிடும்போது அவர்தான் எழுந்து நிற்கிறார். அந்தச் சம்பவத்தின்போது அவர் அங்கே வேலையிலேயே இல்லை. பிரிட்டிஷ் வாடிக்கையாளர் ஆறு மாதம் ஆர்டரை நிறுத்திவைத்து, பிறகு பாதி அளவில் தொடங்கினார். பொதுத்துறை டெண்டர் இதுவரை கையைவிட்டுப் போகவில்லை, தண்டனை வந்தால் போகலாம்.

ஊழியர் விசாரணைக் காலத்தில் ராஜினாமா செய்தார். பணிக்கொடையைக் கொடுக்கலாமா என்று நீண்ட நேரம் பேசினோம். எம்.டி. கொடுத்துவிடச் சொன்னார்.

நான் செய்த தவறுகள்

இரண்டு. ஐந்து வருடம் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கைகளைத் தாக்கல் செய்திருக்கிறேன், பெட்டி கேஷ் (சில்லறை ரொக்கச் செலவு) புத்தகத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது ஆடிட்டர் வேலை என்று ஒதுங்கியிருந்தேன். பொங்கல் கடிதம்கூட என் அலுவலகத்தில் அடித்துக் கொடுத்த மாதிரிக் கடிதத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பியதுதான்.

அடுத்தது இதைவிடக் கனமானது. விஷயம் தெரிந்த அன்று மாலையே எம்.டி.க்கு எல்லாவற்றையும் தொகுத்து மின்னஞ்சல் அனுப்பினேன். வக்கீலிடம் பேசியதற்குச் சாட்சியச் சட்டம் தரும் ரகசியப் பாதுகாப்பு கம்பெனி செக்ரட்டரியிடம் பேசியதற்குக் கிடையாது. பாடமாகப் படித்ததுதான், பதற்றத்தில் மறந்துவிட்டேன். அந்த மின்னஞ்சல் இப்போது வழக்கு ஆவணங்களில் ஒன்று. முதல் நாளே வக்கீலைக் கூப்பிட்டு, அவர் சொல்லி நான் விசாரித்திருக்க வேண்டும்.

கம்பெனியில் மாற்றியவை

‘இதர செலவு’ என்ற தலைப்பையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளிவேலைக்கு ரொக்கம் கிடையாது. அரசுக் கட்டணம் எல்லாம் வங்கி வழியாக. அரசு அலுவலகத்துக்கு இருவராகத்தான் போக வேண்டும், வந்ததும் யாரைப் பார்த்தார்கள், என்ன பேசினார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எம்.டி. ஒரு நாளில் பத்து வவுச்சருக்கு மேல் கையெழுத்துப் போடுவதில்லை. பணம் கேட்டால் ஏழு நாளுக்குள் யாரிடம், எப்படிச் சொல்வது என்று தமிழில் ஒரு பக்கம் அடித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அனுமதி சீக்கிரம் வந்ததற்காக யாருக்கும் ஊக்கத்தொகை இல்லை.

இதற்கு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடலூர் குடோனுக்காகக் கேட்ட அடுத்த அனுமதி 14 வாரம் எடுத்தது. அதுவரை பக்கத்துக் குடோனில் வாடகைக்கு இடம் பிடித்துச் சரக்கை வைத்திருந்தார்கள். பெரியவர் அந்த வாடகை ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தித் தன் மேசைமேல் வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் அதை என் பக்கம் தள்ளிவைப்பார்.